வெயிலுக்கு முறை

செம்பூர் வீட்டுக் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது அனல்தான். பதினோராவது மாடி, மேற்குப் பார்த்த ஹால், கோடை முழுவதும் ஜன்னலைச் சாத்திப் பூட்டிக் கிடந்த வீடு. சாயங்கால வெயில் சோபாவைத் தாண்டிச் சமையலறை வாசல் வரைக்கும் வந்து படுத்திருந்தது. பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராக ஜன்னல் கிரில்லுக்குப் போனேன். அம்மாவின் செடிகள் அங்கேதான் இருந்தன. இருந்தன என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான்.

கறிவேப்பிலை வெறும் குச்சியாக நின்றது. உச்சியில் மிஞ்சியிருந்த சில இணுக்குகளிலும் நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் வெளிறிய மஞ்சள். பிச்சிக்கொடியின் இலைகள் ஓரம் கருகிச் சுருண்டு, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கின. வெற்றிலைக்கொடியைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இலைகள் எல்லாம் வெந்து காய்ந்து, பிடித்த கம்பியை விடாமல் தொங்கிக்கொண்டிருந்தன. தண்டைக் கீழிருந்து மேல் வரை நகத்தால் கீறிப் பார்த்தேன். மண்ணை ஒட்டிய ஒரு கணுவில் மட்டும் லேசாகப் பச்சை தெரிந்தது.

எதிர் வீட்டு மராத்திக்கார அம்மாவிடம் ஒரு சாவி கொடுத்துத் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தேன். பாவம், அவர்களும் ஊற்றித்தான் இருக்கிறார்கள். மே மாத லீவுக்கு அவர்கள் ஊருக்குப் போன பிறகு ஊற்ற ஆள் இல்லை. எனக்கோ சுனாபட்டியில் இருக்கும் என் வீட்டுக்கும் தாணேவுக்கும் அலையவே நேரம் சரியாக இருந்தது. அம்மா தாணேயில் தம்பி வீட்டில் இருந்தாள்.

செம்பூர் வீட்டில் தனியாக இருந்தவள்தான் அம்மா. அப்பா போன பிறகு தனியாகத்தான் இருப்பேன் என்று அடம்பிடித்து இருந்தாள். சமையலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததும், சயான் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து, அங்கிருந்தே தம்பி தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டான். குறை சொல்ல முடியாது, நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். வேளைக்குச் சாப்பாடு, ஏசி ரூம், நடைப் பயிற்சி கொடுக்க ஒரு பெண். ஆனால் போகப் போக அம்மாவின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. பேத்திகள் வீட்டுக்குள்ளும் ஹிந்திதான் பேசுவார்கள். மருமகள் ஆபீசுக்குப் போனால் டிவி ஓடும், அம்மா அதன் முன்னால் இருப்பாள். என்னோடு பேசிச் சண்டை போடாத அம்மாவைப் பார்க்க எனக்கு பயமாக இருந்தது.

வீட்டைத் திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தம்பி விஷயத்தை எடுத்தான்.

"அக்கா, அம்மா இனி இங்கயே இருக்கட்டும். செம்பூர் ஃபிளாட்டை ரென்ட்டுக்கு விட்டுருவோம். ஒரு பார்ட்டி ரெடியா இருக்கு, மழை ஆரம்பிக்கவும் பாக்க வாராங்க."

அம்மா டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"ஏட்டி, எஞ்செடியெல்லாம் எப்படிக் கெடக்கு?"

"நல்லா இருக்கும்மா" என்றேன். நான் பார்த்திருக்கவே இல்லை.

"அதுக உசுரோட இருந்தா நான் அங்கன போயிருதேன். இல்லன்னா அந்த வெறும் வீட்ல எனக்கு என்ன சோலி? இங்கனயே கெடந்துக்கிடுதேன்."

தம்பி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். எனக்கு அது சம்மதமாகப் படவில்லை. அம்மா எனக்குப் பக்கத்தில் வேண்டும். சுனாபட்டியிலிருந்து ரயிலேறினால் சட்டென்று செம்பூர். தாணேவுக்குப் போக ஒரு நாளைத் தொலைக்க வேண்டும். அதைவிட, அம்மாவுக்கு அவள் அடுப்படி, அவள் கதவு, அவள் சாவி வேண்டும். அந்தக் கணுவில் இருந்த பச்சையைத் தடவிக்கொண்டே, இதை எப்படியாவது பிழைக்க வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

செடியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஃபோனில் வீடியோ பார்த்தேன். இலை வெளுத்தால் வெயில் போதவில்லை என்றார் ஒருவர். வெயில் அதிகம் என்றார் இன்னொருவர். நரம்பு பச்சையாக இருந்து இலை மஞ்சளானால் இரும்புச் சத்துக் குறைவு, அடி இலை மஞ்சளானால் வேறு சத்துக் குறைவு என்று ஒரு பெண் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் படிப்பதுபோலப் படித்தாள். எங்கள் செடிகளுக்கு எல்லாக் குறையும் இருந்தது. இவ்வளவு செல்லமாக வளர்ந்த செடிகளுக்கு இந்தக் கதி எப்படி வந்தது என்று யோசித்தபோதுதான் நாங்கள் முன்பு குடியிருந்த தாராவி நினைவுக்கு வந்தது.

தாராவியில் எங்கள் கல்லி என்கிற தெருச்சந்து ஒரு ஆள் நடந்தால் எதிரில் வருகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அகலம். இரண்டு பக்கமும் கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை, அதற்கு மேல் தகரம். தகரமும் தகரமும் முட்டாத இடத்தில் ஒரு கோணல் சந்து வழியாக வானம் தெரியும். காலையில் அந்த வழியாகக் கொஞ்சம் வெயில் இறங்கும். ஒரு பாய் விரிக்கும் அளவு. அது எங்கள் வாசலில் ஆரம்பித்து, மெல்ல நகர்ந்து, கோடி வீட்டுப் படியில் ஏறி, காணாமல் போய்விடும்.

அந்தப் பாய் அளவு வெயிலுக்கு முறை இருந்தது. குழாய்த் தண்ணீருக்கு முறை இருந்த மாதிரியேதான். இன்றைக்கு இந்த வீட்டு மிளகாய், நாளைக்கு அந்த வீட்டு வடகம், அடுத்த நாள் இன்னொரு வீட்டுத் தலையணை. பிறந்த குழந்தையை எண்ணெய் தேய்த்துக் காட்ட யாராவது கொண்டு வந்தால் மற்ற எல்லாரும் சாமானை எடுத்துக்கொண்டு விலக வேண்டும். நெஞ்சுச் சளி கட்டிய கிழவர்களுக்கும் அந்தச் சலுகை உண்டு. முறை தவறி யாராவது தட்டை வைத்துவிட்டால் அன்றைக்குக் கல்லியே அதிரும். வெயிலுக்காகச் சண்டை போட்ட ஊர்க்காரர்கள் நாங்கள் என்று இப்போது சொன்னால், என் பெண் நான் கதை விடுவதாகச் சிரிக்கிறாள்.

எங்கள் முறை வந்தால் அம்மா மிளகாயைக் கொண்டு வர மாட்டாள். செடிகளைக் கொண்டு வருவாள். பெயின்ட் டப்பாவில் கறிவேப்பிலை, எண்ணெய் டின்னில் பிச்சி. துருப்பிடித்த டின்களை இடுப்பில் வைத்துத் தூக்கி வந்து வெயிலில் வைப்பாள். வெயில் நகர நகர, அவளும் டின்னை நகர்த்திக்கொண்டே கோடி வீடு வரைக்கும் போய்விடுவாள்.

"மனுசிக்கே வெயில் இல்ல, இவ செடிக்குக் காட்டுதா" என்று எதிர் வீட்டு அத்தை கேலி செய்வாள்.

"ஓம் மிளகாய் பூ பூக்குமா? எஞ்செடி பூக்கும்லா" என்பாள் அம்மா.

வீட்டில் மிளகாய் சரியாகக் காயாமல் பூசணம் பிடிக்கும். அப்பா குழம்பை முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னைக்குப் பிச்சிப்பூ குழம்பா?" என்று கேட்பார். அம்மா சிரித்துக்கொண்டே ஊற்றுவாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது கல்லியில் பாதிப் பெண்கள் தலையில் அந்த எண்ணெய் டின் பூதான் இருக்கும். கேலி செய்த அத்தைக்குத்தான் முதல் சரம் போகும்.

வெற்றிலைக்கொடிக்கு மட்டும் அந்த யோகம் இல்லை. அது குழாயடிப் பக்கம், சாக்கடையை ஒட்டிய ஈரச் சுவரில், உடைந்த பக்கெட்டில் நின்றது. குழாயைப் பற்றி மேலே ஏறிவிட்டதால் நகர்த்த முடியாது. உள்ளங்கை அகலத்துக்குக் கரும்பச்சை இலை விட்டது. கல்லியில் நல்லது கெட்டது எதுவானாலும் தாம்பாளத்துக்கு வெற்றிலை எங்கள் வீட்டிலிருந்துதான். ஆனாலும் அம்மாவுக்கு அதைப் பார்த்தால் ஒரு சங்கடம்.

"எல்லாம் வெயில் காயுது, இது மட்டும் பொறந்ததுல இருந்து வெயிலே பாக்கல, பாவம்" என்பாள்.

இன்னொரு சங்கடமும் அவளுக்கு இருந்தது. வரிசையில் நின்று பிடித்த குடத்துத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது எங்கள் கல்லியில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். அதனால் அரிசி களைந்த தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், டீ வடிகட்டிய சக்கை, இதுதான் அவற்றுக்குச் சாப்பாடு. "எச்சித் தண்ணி குடிச்சே வளருதுக" என்று டப்பாவைப் பார்த்துச் சொல்வாள். நல்ல தண்ணீர் ஊற்ற முடியவில்லையே என்ற வருத்தம் அவள் குரலில் நிஜமாகவே இருக்கும்.

செம்பூருக்கு வீடு மாற்றிய அன்று, சாமான் ஏற்றிய டெம்போவில் டிரைவருக்குப் பக்கத்தில் குழாயிலிருந்து பிரித்தெடுத்த வெற்றிலைக்கொடியைப் பக்கெட்டோடு மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முன்னால் அவள் பார்த்தது ஜன்னலைத்தான். மேற்கு வெயில் ஹால் முழுக்க விழுந்திருந்தது. அம்மா அதன் நடுவில் போய் நின்றாள். உள்ளங்கையை விரித்து அதில் வெயிலை வாங்கிப் பார்த்தாள்.

"இங்கன முறை கெடையாது பாத்தியா? வெயில் பூரா நமக்குத்தான்" என்றாள். என் அம்மாவை அவ்வளவு பணக்காரியாக நான் பார்த்ததே இல்லை.

துருப்பிடித்த டின்னிலிருந்து வடியும் தண்ணீர் சுவரில் கறை போடும் என்று கட்டிடத்துச் சொசைட்டிக்காரர்கள் சொன்னதால் தம்பி வெள்ளை பிளாஸ்டிக் தொட்டிகள் வாங்கி வந்தான். அம்மா எல்லாச் செடிகளையும் மாற்றி வைத்து, வெயில் நன்றாக விழும் கிரில்லுக்கே தள்ளினாள். வெற்றிலைக்கொடிக்கு நடு இடம். பாவப்பட்டது அல்லவா? மீன் தண்ணீரை நிறுத்திவிட்டாள், கீழ் மாடிக்கு நாற்றம் போனால் மானம் போய்விடும் என்று. அதற்குப் பதிலாக, சமையலறையில் மாட்டியிருந்த ஃபில்டரிலிருந்து குடிக்கிற தண்ணீரைப் பிடித்துப் பிடித்து ஊற்றினாள். "நாம குடிக்கதத்தான் அதுகளும் குடிக்கணும்" என்றாள். இலை வெளுக்க ஆரம்பித்தபோது, புது இடம் பழகவில்லை என்று இன்னும் கொஞ்சம் வெயிலுக்குத் தள்ளினாள், இன்னும் ஒரு சொம்பு ஃபில்டர் தண்ணீர் ஊற்றினாள்.

தொட்டி மண்ணைக் கிளறியபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மே மாதம் தண்ணீர் நின்றது கடைசி அடிதான். மண் கட்டி தட்டி, தொட்டியின் ஓரத்தை விட்டு விலகி நின்றது. திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்த டீத்தூள் மாதிரி, அதில் ஒன்றும் இல்லை. ஆயுசு முழுக்கத் தனக்குக் கிடைக்காத இரண்டையும், முறை இல்லாத வெயிலையும் வரிசை இல்லாத சுத்தத் தண்ணீரையும், அம்மா செடிகளுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்திருக்கிறாள். ஒன்று சுட்டது, சத்தெல்லாம் வடிகட்டப்பட்ட இன்னொன்று பட்டினி போட்டது. அந்த இடத்தில் உட்கார்ந்து அழுதேன். அம்மா மேல் கோபமும் வந்தது, பாசமும் வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

அழுது முடித்துவிட்டு அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை ஒன்றை எடுத்துக் கிரில்லுக்குக் குறுக்கே கட்டினேன். வெற்றிலைத் தொட்டியைச் சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் மூலைக்குக் கொண்டு போனேன். வெளிச்சம் வரும், வெயில் வராது, தரை எப்போதும் ஈரம். அந்தக் கட்டிடத்தில் எங்கள் பழைய குழாயடிக்குக் கொஞ்சமாவது சொந்தக்கார இடம் அது ஒன்றுதான். காய்ந்ததை எல்லாம் வெட்டி எறிந்தேன். மேல் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, ரோட்டோர நர்சரியில் வாங்கிய புது மண்ணும் மண்புழு உரமும் கொஞ்சம் கலந்து போட்டேன். ஃபில்டர் பக்கம் போகவே இல்லை.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐசியூ எப்படிப் போகுது?" என்றார். மறுநாள் அவராகவே ஒரு பை உரம் வாங்கிக்கொண்டு வந்து, "ஏக்தம் ஸ்ட்ராங், ஒரு பிடி போட்டாப் போதும்" என்றார். நான் பையைப் பிடுங்கி வைத்துவிட்டேன். பட்டினி கிடந்த ஆளுக்கு எடுத்த எடுப்பிலேயே பிரியாணி போட்டால் என்ன ஆகும்? துளிர் வரட்டும், அதன் பிறகு பார்க்கலாம் என்றேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

சுனாபட்டி வீட்டில் அரிசி களைந்த தண்ணீரையும் மீன் கழுவிய தண்ணீரையும் பாட்டிலில் பிடித்து, மூடியை இறுக்கி, ஹார்பர் லைன் ரயிலில் செம்பூருக்குக் கொண்டு போனேன். லேடீஸ் பெட்டியில் ஒரு நாள் பக்கத்தில் இருந்த பெண் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, பையில் என்ன என்று ஹிந்தியில் கேட்டாள். மருந்து என்றேன். "கிஸ்கே லியே?" என்றாள். அம்மாவுக்கு என்று சொன்னேன். அவள் இரக்கத்தோடு தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

மீன் தண்ணீரில் பாதிக்கு மேல் பச்சைத் தண்ணீர் கலந்து, கீழ் மாடியில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து ஊற்றினேன். கறிவேப்பிலைக்குப் புளித்த மோர். அது இருந்த மஞ்சள் இலையையும் ஒரே வாரத்தில் உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றது. அன்றைக்குப் பார்த்துத்தான் தம்பி ஃபோன் செய்தான்.

"அக்கா, பார்ட்டி கேட்டுக்கிட்டே இருக்கு. சாவிய குடுத்துரு."

"பெயின்ட் அடிக்கணும், கொஞ்சம் பொறு."

"பெயின்ட்டா? செடிக்கு ஹாஸ்பிட்டல் நடத்துறியாமே, அத்தான் சொன்னாரு. செடிக்காக ஒரு ஃபிளாட்டைச் சும்மா போட்டு வைப்பாங்களா?"

"ஏல, செடிக்காகன்னு யாரு சொன்னா? அம்மா ஒங்கிட்ட கடைசியாச் சண்டை போட்டது எப்பன்னு சொல்லு பாப்போம்."

அவன், "சரி, மழை நல்லாப் பிடிக்கட்டும்" என்று வைத்துவிட்டான். என் தம்பி கெட்டவன் இல்லை. கணக்குப் போடுகிறவன், ஆனால் காது கேட்கிறவன்.

மழை பிடித்தது. மும்பை மழை, ஜன்னலைத் திறந்தால் ஹாலே நனையும். ஈரக் காற்று வீட்டுக்குள் சுற்றியது. ஒரு காலையில் கறிவேப்பிலைக் குச்சியில் சின்னச் சின்னதாகச் செம்பழுப்பு முனைகள் எட்டிப் பார்த்தன. பிச்சியும் அடியிலிருந்து விட்டது. பின் மூலைக்கு ஓடினேன். வெற்றிலையின் அந்த ஒரே கணு பிளந்து, நகம் அளவுக்கு ஒரு இலை சுருள் விரித்திருந்தது. தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன். ஃபோட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பக் கை பரபரத்தது. கண் பட்டுவிடும் என்று அனுப்பவில்லை.

துளிர் வந்த பிறகு உரத்தைக் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றினேன். வீட்டுக்காரர் கொண்டு வந்த பையைத்தான் பிரித்தேன், அவர் முகம் மலர்ந்தது. கறிவேப்பிலையையும் பிச்சியையும் காலை வெளிச்சத்துக்குப் பழக்கி, பிறகு சேலையை ஒரு ஓரம் விலக்கினேன். வெற்றிலை மூலையிலேயே இருந்தது. அதில் மூன்றாவது இலை விரிந்து கரும்பச்சையானதும் தாணேவுக்கு ஃபோன் செய்தேன்.

தம்பியே காரில் கூட்டி வந்தான். கதவில் நுழையும்போதும், "ரெண்டு நாள் இருந்து பாரும்மா, முடியலன்னா திரும்பிப் போயிரலாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். அம்மாவின் துணிப்பையை அவன் கையிலேயே வைத்திருந்தான். அம்மா ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். வந்ததும் கண்ணில் பட்டது கிரில்லில் கட்டிய சேலை.

"என்னட்டி இது? வெயில மறிச்சா வச்சிருக்க?" அவள் குரல் உயர்ந்தது. எத்தனை மாதமாயிற்று அந்தக் குரலைக் கேட்டு.

நான் சொன்னேன். வெயிலைச் சொன்னேன், ஃபில்டர் தண்ணீரைச் சொன்னேன். மெல்லத்தான் சொன்னேன், ஆனாலும் அவள் முகம் வாடிவிட்டது. சோபாவின் கையைப் பிடித்தபடி நின்றாள்.

"அது வெயிலே பாக்கலையேன்னுதான வச்சேன். நல்லது செய்யுதேன்னுல்லா நெனச்சேன்."

"அதுக்கு அந்த மூலையே போதும்மா. வந்து பாரு."

கறிவேப்பிலையைத் தடவினாள், பிச்சியை நிமிர்த்தினாள், பின் மூலைக்குப் போனாள். வெற்றிலைக்கொடியின் முன்னால் வெகு நேரம் குனிந்து நின்றாள். மூன்று இலையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, இருப்பதிலேயே பெரிய இலையைக் காம்போடு பட்டென்று கிள்ளினாள்.

"எம்மா!" என்று கத்திவிட்டேன். "இப்பத்தான் பொழைச்சிருக்கு, அதப் போயி..."

"கிள்ளினாத்தான் வரும்" என்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே பாக்குத் துண்டுகள் இருந்தன. தாணேயில் டாக்டர் பேரைச் சொல்லித் தம்பி வெற்றிலை பாக்கை அடியோடு நிறுத்தியிருந்தான். அவனுக்குத் தெரியாமல் அங்கிருந்தே முடிந்து கொண்டு வந்திருக்கிறாள். இந்த வீட்டில் ஒரு வெற்றிலையாவது இருக்கும் என்று நம்பி முடிந்து வைத்திருக்கிறாள்.

"சுண்ணாம்பு டப்பி ரேடியோவுக்குப் பின்னால இருக்கும், எடு."

இருந்தது. காய்ந்து கல்லாகியிருந்ததில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். இலையைத் துடைத்து, தடவி, மடித்து, பல் இருக்கிற பக்கம் ஒதுக்கினாள். அந்த வாசனை சமையலறையிலிருந்து ஹால் வரைக்கும் வந்தது. எங்கள் கல்லியில், அடுப்பு வேலை முடிந்து அம்மா வாசற்படியில் உட்காரும்போது வரும் வாசனை.

தம்பி என்னமோ சொல்ல வாயெடுத்தான். அம்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ கெளம்புல. நேரமாச்சுன்னா ரோட்ல டிராபிக் ஆயிரும்" என்றாள்.

அவன் அம்மாவின் பையைக் கீழே வைத்தான்.